நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி

நோண்டி என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார், உங்கள் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள், உங்கள் வீட்டில் இருக்கிறாரா என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர் என்று இவரைத் தப்பாக எண்ணிவிடாதீர்கள். அவர் வேறு ரகம். அவரால் நாலு பேருக்கு உபயோகம் உண்டு. நோண்டி, கெட்டுப்போன பொருளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும், குளியலறைத் தாழ்ப்பாள் இழுத்தால் கையோடு வரும், அழைப்பு மணியை அழுத்தினால் விரல்தான் வலிக்கும். இதெல்லாம் அவர் கண்ணில் படாது. அவருக்கு வேண்டியது, ஒரு குறையும் இல்லாமல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பொருள். அதைப் பார்த்தால்தான் அவருக்குக் கை அரிக்கும். "நல்லாத்தான் ஓடுது. ஆனா, இதைவிட நல்லா ஓடலாமே?" என்பார். அந்த 'ஆனா'வில் பிடிக்கும் சனியன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். புது செல்போன் வாங்கியவர்கள் முதலில் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவார்கள். இவர் நேராக 'செட்டிங்ஸ்' போவார். உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால், கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் டிவி ரிமோட்டை எடுத்து, "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று இரண்டு பொத்தானை அமுக்குவார். அவர் விடைபெற்றுப் போன பிறகு, செய்தி வாசிக்கிறவர் முதல் முதலமைச்சர் வரை எல்லாருக்கும் மஞ்சள் காமாலை கண்டிருக்கும். அவர் வாயில் ஓயாமல் புழங்கும் வாக்கியங்களும் உண்டு. 'அஞ்சே நிமிஷம்.' 'ஒண்ணும் ஆகாது.' 'வேணாம்னா பழையபடி மாத்திக்கலாம்.' அஞ்சு நிமிஷத்தில் முடிந்ததாகவோ, ஒன்றும் ஆகாமல் தப்பித்ததாகவோ, பழையபடி மாறியதாகவோ இதுவரை தகவல் இல்லை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் ஒருவரைப் பார்க்கிறேன்.

என் உத்தியோகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில், வீட்டுச் சாமான் கெட்டுப்போனதென்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறவன் நான். 'பொருள் தானாகப் பழுதாகவில்லை. உரிமையாளர் தேவையின்றிக் கைவைத்ததால் பழுதானது' என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். அதை எழுதி எழுதி எத்தனையோ குடும்பத் தலைவர்களைத் தலை குனிந்தபடி படியிறங்க வைத்திருக்கிறேன். அவர்கள் போகிற போக்கில் என்னைத் திட்டுவது காதில் விழும். பொருட்படுத்துவதில்லை. சாயங்காலம் அலுவலகம் விட்டதும் அவசர அவசரமாக வீட்டுக்கு ஓடி வந்து, தேவையின்றிக் கைவைக்க ஆரம்பிப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரு டிஷ் பெட்டி. மொட்டைமாடியில் தட்டு, தட்டிலிருந்து ஜன்னல் இடுக்கு வழியாக இறங்கி வரும் கறுப்பு வயர், வயரின் முனையில் டிவிக்குக் கீழே கையகலப் பெட்டி. அமுக்கினால் வரும், அணைத்தால் போகும். இதற்கு மேல் ஒரு பெட்டியிடம் மனிதன் என்ன எதிர்பார்க்க முடியும்? என் மனைவி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். அந்தப் பெட்டியை உள்ளிருந்து ஆட்டிவைக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. கம்பெனிக்காரன் ஏற்றி அனுப்பியதைக் கழற்றிவிட்டு, உலகெங்கும் உள்ள நோண்டிகள் உட்கார்ந்து எழுதிய வேறு மென்பொருளை அதில் ஏற்றலாம் என்று ஒரு நாள் எனக்குத் தெரியவந்தது. தெரியவந்த அன்றே எங்கள் வீட்டு நிம்மதி போனது.

இதற்கென்று செல்போனில் ஒரு குழு. அதன் தலைவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் சிக்னல் சித்தர். வாரத்துக்கு ஒரு புது மென்பொருளை அவர் குழுவில் இறக்கிவிடுவார். நாங்கள் எல்லாரும் அதைப் பென்டிரைவில் பிடித்து அவரவர் பெட்டிக்குள் செருகிவிட்டு, நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒன்றில் மெனு நீலமாக இருக்கும், இன்னொன்றில் பச்சையாக இருக்கும், வேறொன்றில் மூலையில் ஒரு சின்னச் சூரியன் தோன்றி இன்றைக்கு வெயில் என்று அறிவிக்கும். ஜன்னலைத் திறந்தால் தெரியாதா? தெரியும். ஆனால் பெட்டி சொல்லிக் கேட்பதில் ஒரு சுகம். "சேனல் மாத்தும்போது முன்னைக்கு இப்ப வேகமா இருக்கு, கவனிச்சியா?" என்று மனைவியைக் கேட்பேன். அவள் கவனித்திருக்க மாட்டாள். கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் பாதியை மிச்சப்படுத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் செலவழித்திருந்ததை மட்டும் கவனித்திருப்பாள்.

"என்னங்க, நேத்து வரைக்கும் இருபதுல பாட்டு வந்துச்சு. இன்னைக்குக் குதிரை ஓடுது."

"வரிசை மாறியிருக்கு. பாட்டு இப்ப முன்னூத்து நாப்பதுல."

"ஏன்?"

இந்த 'ஏன்' இருக்கிறதே, நோண்டி இனத்துக்கே பிடிக்காத சொல். ஒரு முறை, எங்களில் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு பாஷையில் மெனு வந்துவிட்டது. மகராசி அதையும் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது வரி சத்தம், ஐந்தாவது வரி அணைப்பது, தப்பித்தவறி ஏழாவதைத் தொட்டால் எல்லாம் போச்சு என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். அவள் நன்றாகப் பழகி முடித்த அன்று நான் அடுத்ததை ஏற்றினேன்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு சாதாரணக் குடும்பச் சண்டையாகவே முடிந்திருக்கும். நடுவில் மாமனார் எங்களோடு இருக்க வந்தார்.

மாமனார், மொத்தப் பழச் சந்தையில் ஏலம் விட்டவர். கூடை கூடையாகப் பழம் இறங்கும் கொட்டகையில், ஒரு பலகை மேல் ஏறி நின்றுகொண்டு, நூறு பேர் ஒரே சமயத்தில் கத்தினாலும் எந்த மூலையில் எவன் என்ன விலை கேட்டான் என்று பிரித்தெடுக்கிற காது அவருக்கு. மைக் தேவைப்படாத தொண்டை. முதல்முதலாக அவர் வீட்டுக்கு நான் போனபோது, "உக்காருங்க மாப்ளே" என்றார். நானும் உட்கார்ந்தேன், வெளியே என்னை இறக்கிவிட்ட டாக்சிக்காரரும் உட்கார்ந்தார். அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் அடித்தது. வலது கை கொஞ்சம் விழுந்தது. அது பரவாயில்லை, பயிற்சியில் திரும்பிவிடும் என்றார்கள். விழுந்தது பேச்சு. சொல்லவேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும், அதற்கான வார்த்தை தொண்டை வரை வரும், அங்கேயே நின்றுவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா வீட்டுக்கு வந்து, ஆப்பிள் படம் போட்ட அட்டையை நீட்டி, "இது என்ன, சொல்லுங்க" என்று கேட்டபோது, வாழ்நாளில் மலை மலையாக ஆப்பிள் விற்ற மனிதர், அந்த அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு மாலை, டிவியில் ஏதோ ஒரு விவாத நிகழ்ச்சி. உங்களுக்குத் தெரிந்ததுதான்: நடுவில் ஒருவர், சுற்றிலும் நாலு பேர், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நடுவில் இருப்பவர் 'ஒரு நிமிடம், ஒரு நிமிடம்' என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார். சோபாவில் சாய்ந்திருந்த மாமனார் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. இடது கையை ஓங்கி, டிவியில் இருந்த மீசைக்காரரைப் பார்த்து, "உக்காரு!" என்றார்.

வாரக்கணக்கில் வராமல் இருந்த வார்த்தை. மீசைக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். அதனால் என்ன?

டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பேசியே ஆகணும்னு அவருக்கு ஆத்திரம் வரணும். எதைப் பார்த்தா வருதோ, அதைப் போட்டு விடுங்க. ஒரு நாள்கூட விடாதீங்க" என்றார். அன்றிலிருந்து மாலையில் விவாதம்தான் எங்கள் வீட்டு மருந்து. 'பொய்' வந்தது, 'போடா' வந்தது, ஒரு நாள் 'நீ பேசாத' என்று இரண்டு வார்த்தை சேர்ந்தே வந்தது. மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"இத்தன வருஷத்துல நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லைங்க."

அது உண்மையில்லை. ஆனால் அதைச் சொல்கிற நேரமும் அதுவல்ல.

"அந்தப் பெட்டியத் தொடாதீங்க. அப்பாவுக்கு நல்லா பேச்சு வர்ற வரைக்கும். அவ்ளோதான்."

"சே, நான் ஏன் தொடப்போறேன்?" என்றேன்.

உண்மையாகவே தொடவில்லை. கை அரிப்பைத் தணித்துக்கொள்ள வாஷிங் மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன்; அது சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தது. அதோடு சரி. குழுவில் வந்த நீலம், பச்சை, சூரியன், சந்திரன் எதற்கும் நான் மயங்கவில்லை. தவம் என்றே சொல்லலாம்.

தவத்தைக் கலைப்பதற்கென்று யாராவது வருவார்கள் அல்லவா? சித்தர் வந்தார். 'நண்பர்களே, புதுப் பதிப்பு. இதில் பேச்சுத் தெளிவு என்று ஒரு வசதி. பின்னணி இரைச்சல் எல்லாம் அடங்கி, பேசுகிறவர் குரல் மட்டும் மணிமணியாகக் கேட்கும்' என்று குழுவில் எழுதினார்.

பேச்சுத் தெளிவு! யாருக்கு வேண்டும் அது? எனக்கா? எனக்கு எதற்கு? மாமனாருக்கு. பேச்சு இழந்து தவிக்கிற ஒரு பெரியவருக்கு, ஒவ்வொரு வார்த்தையும் மணிமணியாகக் கேட்டால் எவ்வளவு உதவியாக இருக்கும்! இதை ஏற்றாமல் விடுவதுதான் துரோகம். என் நெஞ்சு கருணையால் நிரம்பி வழிந்தது. இந்த இனத்தைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: நோண்டி ஒருபோதும் தனக்காக நோண்டுவதில்லை. எப்போதும் பிறர் நலனுக்காகத்தான்.

சனிக்கிழமை மதியம் மனைவி மாமனாரைக் கைப்பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது, லிஃப்ட் இறங்கியது. பென்டிரைவ் என் சட்டைப்பையில் இருந்தது. அது எப்போது அங்கே வந்தது, யார் வைத்தது என்றெல்லாம் கேட்காதீர்கள்.

செருகினேன். திரையில் சிவப்பு எழுத்தில், 'முடியும் வரை மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்' என்று வந்தது. கீழே வெள்ளைக் கோடு ஒன்று நீண்டுகொண்டே போனது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, முனைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. நான் பொறுமையாகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம்? எனக்கு ஒரு யுகம். ஒரு தும்மல் நேரம்கூட இருக்காது என்று சித்தர் பிற்பாடு சொன்னார். கோடு அசையவில்லை. மனைவி திரும்பி வருகிற நேரம் ஆகிறது. எந்தப் பொருள் நின்றாலும் மனிதகுலம் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டே, அணைத்துப் போடுவது! என் கை போய், பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகிற்று.

திரை கறுப்பு. பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு. ரிமோட்டை அமுக்கினேன். பெட்டியைத் தட்டினேன். தடவினேன். "கண்ணு, வந்துடு" என்றேன். விளக்கு இமைக்கக்கூட இல்லை.

 குழுவுக்கு ஓடினேன்.

'பேக்கப் எடுத்தீங்களா?' என்று சித்தர் கேட்டார்.

'எடுத்தேன்' என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு. பழைய மென்பொருளை அப்படியே நகலெடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தேன். அவ்வளவு விவரம் எனக்கு உண்டு.

'எங்க வெச்சிருக்கீங்க?'

'பெட்டிக்குள்ள.'

 குழுவில் ஒருவர் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டார். சித்தர் மட்டும் நல்ல மனசோடு, இதற்கென்று ஒரு தனிக் கேபிள் இருக்கிறது, அது தம்மிடம் உண்டு, அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்று எழுதினார்.

மனைவியும் மாமனாரும் வந்துவிட்டார்கள். விவாத நேரம். மாமனார் சோபாவில் உட்கார்ந்து, இடது கையில் ரிமோட்டை எடுத்து அமுக்கினார்.

"சிக்னல் இல்ல மாமா. மேகமூட்டம்" என்றேன்.

மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துடைத்துவிட்ட மாதிரி வானம். ஒரு காக்கைகூட இல்லை. பிறகு பெட்டியைப் பார்த்தாள். அதன் நெற்றியில் என் பென்டிரைவ் செருகியபடியே இருந்தது.

"மேகமா?" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பிழைப்பு இருந்திருக்கும்.

மாமனார் ரிமோட்டைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார், மறுபடி அமுக்கினார், பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியை விரலால் உருட்டினார், மறுபடி அமுக்கினார். கடைசியில் அதை என்னிடம் நீட்டினார். இந்த வீட்டில் இதெல்லாம் தெரிந்தவன் மாப்பிள்ளை ஒருவன்தான் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே இருந்தது. நான் வாங்கிக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேரைத் தலை குனிய வைத்த தலை. அதற்குக் குனிவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த நாள்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையால் காட்டினார். செல்போனில் விவாதம் போட்டுக் காண்பித்தேன். உள்ளங்கையகலத்துக்குள் நாலு பேர் கத்துவதை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அப்பால் தள்ளினார். புதுப் பெட்டி சொல்லி வைத்தால் வருவதற்குள் அந்த ஞாயிறே வந்துவிடும் என்றார் கடைக்காரர். டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "இப்ப இடைவெளி விழக் கூடாதே" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்த மாலையில், மனைவி சாப்பாட்டு மேஜையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்து வந்து, கறுத்துக் கிடந்த டிவிக்கு முன்னால், அப்பாவைப் பார்த்தபடி போட்டாள்.

"உக்காருங்க" என்றாள் என்னிடம்.

"எதுக்கு?"

"விவாதம். தலைப்பு, இந்த வீட்ல ஒரு பொருளாவது நிம்மதியா இருக்க முடியுமா, முடியாதா. நான் முடியாதுங்கற கட்சி."

ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் வரவில்லை. பள்ளிக்கூட மேடையில் ஒப்பிப்பதுபோல், "இவர் வாஷிங் மெஷினை நடக்க வைத்தார்" என்றாள் அவள். "அறிவியல் முன்னேற்றத்தை வரவேற்க வேண்டும்" என்றேன் நான். மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் தையல் மெஷினைப் பற்றி ஆரம்பித்தாள். அது அவளுடைய அம்மாவின் மெஷின். அம்மா போன பிறகு அவள் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள். நான் அதன் மோட்டாரை மாற்றி மேம்படுத்தியிருந்தேன். அன்று முதல் அது பின்பக்கமாக மட்டும் தைத்தது.

"அது பழைய மெஷின், அதான்" என்றேன்.

"பழசுதான். அம்மா கடைசி வரைக்கும் அதுல தைச்சாங்க. நீங்க ஒரே மத்தியானத்துல முடிச்சு வெச்சீங்க."

"எல்லாத்துக்கும் நானேவா? அதோட கைப்பிடியக் கீழ போட்டு ஒடைச்சது யாரு?"

"அத எதுக்கு இப்ப இழுக்கறீங்க? நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு…"

"நீ மட்டும் என்ன, நான் பேச வாயெடுத்தாலே…"

நாடகம் எப்போது கழன்றுபோனது என்று இருவருக்குமே தெரியாது. அவள் குரல் உடைந்து உயர்ந்தது, என் குரல் அதற்கு மேல் ஏறியது, அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை, நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை, எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்த நேரத்தில் சோபாவின் கைப்பிடியில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

"நிறுத்து!"

இரண்டு பேரும் நின்றோம். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கை அந்தரத்தில், கூட்டத்தை அடக்குகிற கையாக நின்றது.

"ரெண்டு பேரும்…" என்றார். மூச்சு வாங்கினார். "ஒரே நேரத்துல… பேசுனா… எவனுக்குக் கேக்கும்?"

 அவர் விரல் என் பக்கம் திரும்பியது.

"நீ… வாய மூடு, மாப்ளே. அவ… மொதல்ல."

"அப்பா!" என்றாள் என் மனைவி. சிரித்தாள், அழுதாள், எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழாத" என்றார் அவர். "பேசு."

பேசினாள். தையல் மெஷினில் தொடங்கி, அவள் அம்மா அதில் தைத்துக்கொடுத்த பாவாடை வரைக்கும், ஒன்றும் விடாமல் பேசினாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இதெல்லாம் அவள் மனதில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலேயே என் காலம் போயிருந்தது. அவள் முடித்ததும் மாமனார் என்னைப் பார்த்தார்.

"அந்த மெஷின… தொடச் சொல்லி… யாரு கேட்டா உன்ன?"



ஒன்று கவனித்தீர்களா? அன்று வரை அவர் என்னை நீங்கள் போட்டுத்தான் கூப்பிடுவார். எல்லா வார்த்தையும் திரும்பிவிடும் போலிருக்கிறதே, அந்த மரியாதை மட்டும் ஏன் திரும்பவில்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அது வியாதியில போன மாதிரி தெரியலையே" என்றார். நடந்ததைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம். டிவியைவிட இது பிரமாதமாக வேலை செய்கிறது, தினமும் நடத்துங்கள் என்று உத்தரவு போட்டார்.

"எத்தன நாளைக்கு டாக்டர்?" என்றேன்.

"விஷயம் இருக்கற வரைக்கும்."

"விஷயத்துக்குப் பஞ்சமே இல்ல டாக்டர்" என்றாள் என் மனைவி.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சித்தர் வந்தார். தாடியும் சடையுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மழமழவென்று சவரம் செய்த பல் டாக்டர். அவர் மனைவி காரை நிறுத்தாமலேயே அவரை வாசலில் இறக்கிவிட்டு, "எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை வைத்தே அவர் வீட்டு நிலவரம் எனக்குப் புரிந்தது. சித்தர் பெட்டியின் மூடியைக் கழற்றி, பல் குத்தும் கொக்கியால் உள்ளே எதையோ நிமிர்த்தி, தம் தனிக் கேபிளைச் செருகி, "இப்ப கொஞ்சம் வலிக்கும்" என்று பழக்கதோஷத்தில் பெட்டியிடம் சொன்னார். விளக்கு பச்சையானது. கம்பெனிக்காரன் ஏற்றி அனுப்பிய ஆதி மென்பொருள், ஆதி மெனு, இருபதில் பாட்டு. மனைவி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சித்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து என் காதில், "அந்தப் பேச்சுத் தெளிவுல இருந்த கோளாறச் சரி பண்ணியாச்சு. புதுசு கையிலயே இருக்கு. போட்டுப் பாப்பமா?" என்றார்.

இவ்வளவு பட்ட பிறகு ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? வேண்டாம் என்றுதானே? என் வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. அதற்குள் கை நீண்டிருந்தது.

"மாப்ளே!"

பழச் சந்தைக் கூரையை அதிரவைத்த அதே குரல். கை தானாக மடங்கியது. சித்தரின் கையும் சேர்ந்தே மடங்கியது.

அன்று மாலை டிவியில் விவாதம் வந்தது. மீசைக்காரர் வந்தார், நாலு பேரும் கத்தினார்கள். மாமனார் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொய்ச் சண்ட" என்றார். அணைத்துவிட்டார். பிறகு எங்கள் இரண்டு நாற்காலிகளையும் கண்ணால் காட்டினார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மாலை வேளை இப்படித்தான் போகிறது. மாமனார் பேச்சில் தடுமாற்றம் அநேகமாக நீங்கிவிட்டது. சில எழுத்துகள் மட்டும் இன்னும் வழுக்கும். கல்யாணம் ஆன வருஷத்தில் தொடங்கி என்னுடைய மேம்பாடுகள் ஒவ்வொன்றாக விசாரணைக்கு வருகின்றன. எனக்கும் பேச முறை தருகிறார், நியாயமான மனிதர். ஆனால் நான் பேசத் தொடங்கியதும் அவர் முகத்தில் ஒரு பாவம் தோன்றும். அழுகிய கூடையை நல்ல விலைக்குத் தள்ளப் பார்க்கிறவனை அவர் பார்க்கிற பார்வை அது. பெட்டி டிவிக்குக் கீழே, தொடுவார் இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தையல் மெஷினைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, பழைய மோட்டாரையே மாட்டச் சொல்லிவிட்டேன். நானே மாட்டியிருப்பேன். விடவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நன்று. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த வெள்ளைக் கோடு முனையில் வந்து நின்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது? 'நன்றாக ஓடுகிற பெட்டியை இந்த ஆள் ஏன் தொட்டான்?' என்று தோன்றியிருந்தால், நீங்கள் பிழைத்தீர்கள்; உங்கள் வீட்டார் கொடுத்துவைத்தவர்கள். அப்படியில்லாமல், 'அட, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஏறியிருக்குமே, பேக்கப்பை வெளியே வைத்திருக்க வேண்டாமா, நானாக இருந்தால்' என்று ஒரு நொடி தோன்றியிருந்தால், வெட்கப்படாதீர்கள். வீட்டில் எல்லாரும் எப்போது வெளியே போவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பல் டாக்டரையும் அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.